கையை எடுத்துவிட்டுப் பேசுங்கள்

துணிக்கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

காலையில் கடை ஷட்டர் ஏறும்போது உள்ளே போய், இரவு அது இறங்கிய பிறகு வெளியே வருகிறவர்கள் நீங்கள். ஒரு நாளில் எத்தனை புடவை விரித்தோம், எத்தனை மடித்தோம் என்று எண்ணிப் பார்க்கவும் உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. விரிப்பதோடும் மடிப்பதோடும் வேலை முடிவதில்லை. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "இந்தக் கலர் எடுத்துப் பாருங்கக்கா", "முந்தி முழுக்க ஜரிகைம்மா", "இதே விலையில இன்னொண்ணு காட்டறேன்" என்று நாள் முழுக்க வாய்தான் உங்களுக்குக் கைக்கருவி. அந்த வாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைவீதியை ஒட்டிய தெருவில் சின்னதாக ஒரு பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் என்னிடம் வந்து போயிருக்கிறீர்கள். வரத் தயங்கி, எதிர்ச் சாரியில் நின்று பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனவர்களையும் கவனித்திருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு பெண் வந்தாள். கடை முடிந்து, சீருடைப் புடவை கூட மாற்றாமல் வந்திருந்தாள். உட்கார்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒரு மவுத் வாஷ் மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள். மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. புடவை பார்க்க வந்த ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அவர் நாலு பேர் முன்னால் இவளைக் கூப்பிட்டு, "பல்லு கூட விளக்காம வேலைக்கு வர்றதா?" என்று கேட்டுவிட்டு, பட்டுப் பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். இவளோ இரண்டு வேளையும் பல் விளக்குகிறவள். கைப்பையில் கிராம்பும் ஏலக்காயும் மிட்டாயும் வைத்திருந்தாள்.

"தண்ணி எப்போம்மா குடிச்சே?" என்று கேட்டேன்.

"காலைல ஹாஸ்டல்ல குடிச்சது."

அப்போது இரவு பத்தேகால். குடிக்காததற்குக் காரணமும் சொன்னாள். கழிப்பறை மேல்மாடியில் இருக்கிறது. போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூட்ட நேரத்தில் சொல்லவும் முடியாது. குடித்தால்தானே போக வேண்டும், குடிக்காமலே இருந்துவிடலாம் என்று எல்லோரும் பழகிவிட்டார்களாம். வாயைத் திறந்து பார்க்கும் முன்பே பாதி நோய் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் போன பிறகு எனக்கு என் அம்மா ஞாபகம். அவரும் ஜவுளிக்கடையில் நின்றவர்தான். அப்பா போன பிறகு, எங்கள் ஊர்க் கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள். யாரிடம் பேசினாலும் முந்தானை நுனியை வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வார். அதை நாணம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம், அடக்கமான பொம்பளை என்று தெருவே மெச்சியது. நான் பல் மருத்துவம் படிக்கப் போய், ஒரு விடுமுறையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து அவர் வாய்க்குள் பார்த்தேன். ஈறெல்லாம் சீழ். கீழ்ப்பற்கள் விரல் பட்டாலே ஆடின. "எத்தனை வருஷமாம்மா?" என்றேன். "நீ நாலாங்கிளாஸ் படிக்கையில இருந்து" என்றார். அத்தனை ஆண்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குள் கீழ்வரிசை முழுக்கப் போய்விட்டது.

அதனால்தான் இந்த மடல். வாய் நாற்றம் என்பது உங்கள் குணத்துக்கோ வளர்ப்புக்கோ யாரும் போடும் மதிப்பெண் கிடையாது. உள்ளே ஏதோ ஒன்று நடக்கிறது என்று உடம்பு அனுப்பும் சேதி. வெட்கத்தில் அதை மூடி வைத்தால் சேதி நமக்கு வந்து சேராமலே போய்விடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். வாய் நாறினால் "வயிறு சரியில்லை", "குடல்ல புண்", "உடம்புச் சூடு" என்று நம் ஊரில் சொல்லிவிடுவார்கள். பேதி மாத்திரையும் அசிடிட்டி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வாய் நாற்றத்தில் ஏறக்குறைய 80 முதல் 90 விழுக்காடு வாய்க்குள்ளேயே பிறக்கிறது. வயிற்றுக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும், விழுங்கும்போதும் ஏப்பம் வரும்போதும் எதுக்களிக்கும்போதும்தான் திறக்கும். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் அடிக்கடி இருக்கிறவர்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்கள் தேட வேண்டிய இடம் நாக்கு, ஈறு, பல்லிடுக்கு.

அங்கே என்ன நடக்கிறது? காற்றுப் படாத சந்துகளில் வாழும் கிருமிகள், வாயில் தங்கிய உணவுத் துணுக்கு, உதிர்ந்த தோல் செல், ரத்தக் கசிவு இவற்றில் உள்ள புரதத்தைத் தின்கின்றன. தின்று கழிக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்களை விடுகின்றன. அழுகின முட்டையில் வருவதும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். அதோடு மெத்தில் மெர்காப்டன் என்ற இன்னொன்றும் சேரும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டான்செடிச் 1960களிலும் 70களிலும் இந்த வாயுக்களைப் பிரித்துக் காட்டினார். அதன் பிறகுதான் வாய் நாற்றம் அளந்து பார்க்கக்கூடிய, காரணம் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு மருத்துவ விஷயமாயிற்று.

இந்தக் கிருமிகளை இரவு பகலாகக் கழுவித் தள்ளுவது உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. அதில் கிருமியை அடக்கும் பொருள்கள் உண்டு, பிராணவாயு உண்டு, பல்லைக் காக்கும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தூங்கும்போது அது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால்தான் யாராக இருந்தாலும் காலையில் எழுந்ததும் வாய் நாறுகிறது. பல் விளக்கி, ஏதாவது சாப்பிட்டதும் போய்விடும். இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். காலையில் அவசரத்தில் பாதிப் பேர் சாப்பிடுவதில்லை. மென்று சாப்பிட்டால்தான் எச்சில் நன்றாக ஊறும். ஏ.சி. காற்றில் நின்று ஓயாமல் பேசுகிறீர்கள், வாய் காய்கிறது. தண்ணீரும் குடிப்பதில்லை. மற்றவர்களுக்கு விடிகாலையில் மட்டும் இருக்கும் வாய், உங்களுக்கு மாலை ஐந்து மணிக்கும் இருக்கிறது. பேக்கிங்குக்குப் போன அந்தப் பெண் அழுக்கானவள் இல்லை, தாகத்தோடு நின்றவள்.

மருந்துகளாலும் வாய் காயும். சளி, அலர்ஜி, தும்மலுக்குப் போடும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வாய் காய்கிறது என்று சொல்லுங்கள், மாற்று இருந்தால் தருவார்.

அடுத்தது நாக்கு. கண்ணாடி முன் நின்று நாக்கை நன்றாக நீட்டிப் பாருங்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது, துருக்கித் துண்டு போல நூல் நூலாக இருக்கும். துண்டில் அழுக்குப் பிடிப்பது போல அதில் படிவு பிடிக்கிறது. முன்பக்கம் சாப்பாடும் பேச்சும் உராய்ந்து ஓரளவு சுத்தமாகிவிடும். பின்பக்கம் அப்படியே கிடக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ அங்கே பூசினாற்போல் இருந்தால், நாற்றத்தின் பெரும்பங்கு அதுதான். நம் பாட்டிமார் தினமும் நாக்கு வழித்தார்கள், தென்னங்கீற்று ஈர்க்கைப் பிளந்தே வழித்தவர்கள் உண்டு. பிரஷ்ஷும் பேஸ்டும் வந்த பிறகு நம்மில் பலர் அதை விட்டுவிட்டோம். பத்து இருபது ரூபாய்க்கு வழிப்பான் கிடைக்கிறது. எவ்வளவு உள்ளே போக முடியுமோ அங்கிருந்து முன்னோக்கி மெதுவாக இழுங்கள். ரத்தம் வர அழுத்த வேண்டாம். முதல் வாரம் குமட்டும், பிறகு பழகிவிடும்.

மூன்றாவது, ஈறு. என் அம்மா பற்களைப் பறிகொடுத்தது இதில்தான். பல் விளக்கும்போது ரத்தம் வந்தால், புண்ணாகிவிட்டது போல என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். தொடாத இடத்தில் ஊத்தை இன்னும் சேரும். நாளடைவில் அது கெட்டியாகி, சுவரில் பூசிய காரை போலப் பல்லோடு ஒட்டிவிடும். பல் மருத்துவர்கள் அதைக் காரை என்றே சொல்வோம். காரை ஈறுக்கு அடியில் இறங்கினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழும். அந்தப் பைக்குள் பிரஷ் போகாது. கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வலி இருக்காது என்பதுதான் இதில் ஆபத்து. வலித்தால் ஓடி வருவீர்கள். நாற்றம் மட்டும் இருந்தால் கிராம்பை மென்று தள்ளிப் போடுவீர்கள், உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடிடும் டாக்டர், வேணாம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. பல் ஏற்கனவே ஆடிக்கொண்டுதான் இருக்கும், காரை அதை முட்டுக் கொடுத்து மறைத்திருக்கும். எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். முன்னமே எடுத்திருந்தால் ஆடியிருக்காது.

தம்பிகளுக்கு இங்கே தனியாக ஒரு சொல். சரக்கு இறக்கிவிட்டுப் பின் சந்தில் நின்று சிகரெட் பிடிக்கிறவர்களும், கன்னத்தில் புகையிலை அடக்குகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். புகையின் வாடை ஒரு பக்கம், அது வாயைக் காய வைப்பது இன்னொரு பக்கம். இவற்றைவிடக் கொடுமை ஒன்று உண்டு. புகை பிடிக்கிறவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. எச்சரிக்கை மணியையே புகை அமுக்கிவிடுகிறது. புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, வாய் முன்போல் திறக்காத இறுக்கமோ இருந்தால் நாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், உடனே வாருங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சொத்தைப் பல்லின் குழியில் சோறு தங்கி அழுகும். பாதி முளைத்து ஈறு மூடியிருக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லைச் சுற்றியும் அப்படியே. உங்கள் வயதில் அதுதான் அதிகம் தொல்லை கொடுக்கும். தொண்டையில் டான்சில் பள்ளங்களில் அரிசி நொய் போல வெள்ளைக் கட்டி சேர்ந்து, இருமும்போது தெறித்து விழலாம். அதை நசுக்கினால் தாங்க முடியாத நாற்றம். பயப்பட வேண்டாம், உப்பு நீரில் தொண்டையைக் கொப்பளிப்பது உதவும், அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுகிறவர்களுக்கும் சைனஸ் தொல்லை உள்ளவர்களுக்கும் வாடை வரும்.

பூண்டு, வெங்காயத்தின் கதை வேறு. பூண்டில் உள்ள ஒரு கந்தகப் பொருள் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போய், நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. அதனால்தான் மூன்று முறை பல் விளக்கினாலும் போவதில்லை. ஒரு நாளைக்குள் தானாகப் போய்விடும். பூண்டுக் குழம்பு சாப்பிட்டதற்காக யாரும் கூச வேண்டியதில்லை.

அரிதாக, வாடை உடம்பின் உள்ளிருந்தும் வரும். சர்க்கரை நோய் கட்டுப்பாடு தவறி முற்றும்போது நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் போன்ற ஒரு வாடை மூச்சில் வீசும். அதோடு வாந்தியும் வேகமான மூச்சும் மயக்கமும் இருந்தால் அது பல் மருத்துவமனைக்கு உரிய விஷயமே அல்ல, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் மிகவும் கெட்டாலும் மூச்சின் வாடை மாறும். இவை உங்களுக்கு இருக்கும் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டமும் என்னிடம் வருகிறது. அவர்களுக்கு வாய் நாறுவதே இல்லை. யாரோ ஒரு நாள் மூக்கைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் தன்னைக் கண்டு விலகுவதாக நினைத்து ஒடுங்கிப் போனவர்கள். நம் வாடை நமக்குத் தெரியாது என்பதால் இந்தச் சந்தேகம் வளர்கிறது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மணிக்கட்டை நாக்கால் நக்கி, அரை நிமிடம் காயவிட்டு முகர்ந்து பாருங்கள். சுத்தமான துணியால் நாக்கின் பின்பக்கத்தைத் துடைத்து முகர்ந்து பாருங்கள். கடைவாய்ப் பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்துப் பாருங்கள். எதிலும் ஒன்றும் இல்லை, இருந்தும் மனம் அடங்கவில்லை என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லை நம்புங்கள். நம்ப முடியாமல் தவித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தவறே இல்லை.

இந்த வெட்கம் முழுக்க நமக்குள்ளேயே முளைத்ததும் இல்லை. அறுவைச் சிகிச்சையில் கிருமி கொல்வதற்காக 1879-இல் அமெரிக்காவில் உருவான திரவம் லிஸ்டரின். 1920களில் அதை வாய் கொப்பளிக்க விற்றபோது, வாய் நாற்றத்தால் கல்யாணமாகாமல் நின்றுபோன பெண்ணைப் படம் போட்டு விளம்பரம் செய்தார்கள். அருகில் இருப்பவர்கள்கூட உன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்ற பயத்தைப் பத்திரிகை பத்திரிகையாக விதைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து, கடைவீதியில் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒரு பெண் "மவுத் வாஷ் மட்டும்" கேட்கிறாள். அந்தத் திரவம் விஷமில்லை. காரையையும் சொத்தையையும் அது தீர்க்காது. ஆல்கஹால் கலந்த வகைகள் வாயைக் காயவும் வைக்கலாம். ஈறு நோய்க்கு நாங்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடினும் சொன்ன நாட்களுக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அந்தப் பணத்துக்கு ஒரு முறை காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரவு பதினோரு மணிக்கு ஹாஸ்டல் சாப்பாட்டை முடித்து அப்படியே சாய்ந்துவிடுகிறீர்கள். களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் விளக்குவதைவிட இரவில் விளக்குவதுதான் முக்கியம், தூங்கும்போது கழுவ எச்சில் இருக்காது. இரண்டு நிமிடம் பல், அரை நிமிடம் நாக்கு, முடிந்தால் பல்லிடுக்கில் நூல். காலையில் இரண்டு இட்லியாவது மென்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கவுண்டருக்குக் கீழே வையுங்கள். மடக் மடக்கென்று குடிக்க வேண்டாம், அரை மணிக்கு ஒரு முறை இரண்டு வாய் போதும். மிட்டாயை விடுங்கள், அதன் சர்க்கரை சொத்தைக்கு விதை. சோம்பு மெல்லுங்கள், எச்சில் ஊறும்.

மருத்துவரைப் பார்க்கச் செலவாகும் என்று தயங்காதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருக்கிறவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் அந்த மருத்துவமனை உங்கள் உரிமை, அங்கே பல்லுக்கும் பார்ப்பார்கள்.

பக்கத்தில் நிற்கும் தோழிக்கு வாடை வந்தால் சொல்லுங்கள். கூட்டத்தில் வேண்டாம், ஜாடையாகவும் வேண்டாம். ஹாஸ்டலில் தனியாக இருக்கும்போது, "வாய் கொஞ்சம் வாடை வருதுடி, ஈறுல ஏதாவது இருக்கான்னு பாரு, நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். கடைசி மூன்று சொற்களை மறக்காதீர்கள். என் அம்மாவோடு அந்தக் கடையில் எட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவராவது கூட வந்திருந்தால் அவர் பற்கள் மிஞ்சியிருக்கும்.

இதைக் கடை முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் படிக்கக்கூடும். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடிய பிறகு 2018-இல் கேரளத்திலும், 2021-இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை எவ்வளவு தேவையோ, குடிக்கத் தண்ணீரும் கேட்காமல் போய்வரக் கழிப்பறையும் அவ்வளவு தேவை. உங்கள் ஊழியரின் வாய் நாறுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், அவள் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள் என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் பெண் பிறகு மூன்று முறை வந்தாள். காரை எடுத்து, கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சுத்தம் செய்தோம். பொங்கலுக்கு முன்னால் கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து, பட்டுப் பிரிவுக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னாள்.

அம்மா என்னோடு இருக்கிறார். தினமும் இரவு பல்செட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். அவர் வாயில் இப்போது எந்த வாடையும் இல்லை. நானே பார்த்துச் சொல்லியிருக்கிறேன், பலமுறை. ஆனாலும் வாசலில் யாராவது வந்து பேசினால் முந்தானை தானாக மேலே போய்விடுகிறது. வாயைச் சரி செய்ய எனக்குத் தெரிந்தது, அந்தக் கையை இறக்க இன்னும் தெரியவில்லை. உங்கள் கை அதைப் பழகிக்கொள்ளும் முன்பே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருப் பல் மருத்துவர்